ஏர் எடுத்த பிறகு பிரேக் லைட் எரியவில்லையா? முதலில் பெடலைப் பாருங்கள்

வண்டி வாகனம் – கேள்வி பதில்

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பின் டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுத்தோம். பெடல் நன்றாகி விட்டது. ஆனால் பெடலை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டும் எரியவில்லை. என்ன செய்வது?
– திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: இந்த வாசகர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் முருங்கையும் கத்தரியும் வைத்திருக்கும் சிறு விவசாயி. காய் பறித்த மறுநாள் இருட்டோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பி விடுவார். பல மாதங்களாகவே பின் பிரேக் பெடல் பொசபொசவென்று அமுங்கியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனும் அவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஏர் எடுத்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. இருவருக்கும் திருப்தி.

மூன்றாம் நாள் அதிகாலை ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வர, காலால் பிரேக் போட்டு நிறுத்தினார். பின்னால் வந்த சரக்கு வேன் ஒரு முழ தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, லைட்டே எரியலையே. நீங்க நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதுவரை விளக்கு எரியவில்லை என்பதே இவருக்குத் தெரியாது. ஓட்டுபவர் கண்ணுக்குப் படாத விளக்கு அது.

ஏர் எடுத்தவுடன் இந்தக் கோளாறு வருவது அபூர்வம் அல்ல. காரணத்தை வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் செலவில்லாமலே சரியாகும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்விட்ச். மாற்றிச் செய்தால் விளக்கு எரியும், வண்டி நிற்காது.

ஸ்விட்ச் இரண்டு வகை

முதல் வகை ஸ்பிரிங் ஸ்விட்ச். வலது பக்கம் பிரேக் பெடலுக்கு மேலே, சைடு கவர் ஓரமாக விரல் அளவில் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் பெடலுக்கு வரும். பெடல் இறங்கும்போது ஸ்பிரிங் ஸ்விட்சை இழுக்கும், விளக்கு எரியும். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் அதிகம் இருப்பது இதுதான்.

இரண்டாவது வகை பிரஷர் ஸ்விட்ச். மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஹோஸ் சேரும் போல்ட்டிலேயே இது இருக்கும். அதன் தலையில் இருந்து இரண்டு ஒயர் போகும். பிரேக் ஆயிலின் அழுத்தம் கூடும்போது உள்ளே தொடுப்பு ஏற்பட்டு விளக்கு எரியும்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்பிரிங் ஸ்விட்ச் பெடல் போகும் தூரத்தைப் பார்க்கும். பிரஷர் ஸ்விட்ச் ஆயிலின் அழுத்தத்தைப் பார்க்கும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஏர் எடுத்தால் விளக்கு ஏன் பாதிக்கிறது?

மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள். தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்தினால் தண்டு அசையாது. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் தண்டு அமுங்கிப் போகும். பிரேக் லைனிலும் இதே கதைதான். காற்று இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். காற்று போய்விட்டால் கொஞ்ச தூரத்திலேயே இறுகி நின்றுவிடும்.

ஸ்பிரிங் ஸ்விட்ச் தளர்வாக இருந்த வண்டியில், பெடல் ஆழமாக இறங்கிய காலத்தில் விளக்கு எப்படியோ எரிந்துகொண்டிருக்கும். ஏர் எடுத்த பிறகு பெடல் பாதி தூரத்திலேயே நின்றுவிடுவதால், ஸ்விட்சை இழுக்கும் அளவுக்குப் போவதில்லை. விளக்கு எரியாது.

பிரஷர் ஸ்விட்ச் உள்ள வண்டியில் நிலைமை வேறு. லைனில் இன்னும் காற்று மிச்சம் இருந்தால் அழுத்தம் தாமதமாக ஏறும். லேசாக மிதித்தால் விளக்கு எரியாது, ஓங்கி மிதித்தால்தான் எரியும்.

இரண்டு வகையிலும் ஏர் எடுக்கும் வேலையின்போது ஒயர் கப்ளர் கழன்றிருக்கலாம், ஸ்பிரிங்கின் கொக்கி நழுவியிருக்கலாம். சிந்திய ஆயில் ஒயர் முனையில் இறங்கியிருக்கலாம்.

வரிசையாகப் பாருங்கள்

1. முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். மாலையில் வண்டியின் பின்பக்கத்தை வெள்ளைச் சுவரை நோக்கி நிறுத்திச் சாவியைப் போடுங்கள். முன் பிரேக் லிவரைப் பிடித்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடுகிறதா? கூடினால் பல்பு, ஃபியூஸ், பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கிறது. கோளாறு பின் ஸ்விட்சிலோ அதன் ஒயரிலோதான்.

முன் லிவருக்கும் எரியாவிட்டால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். பழைய வகை பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை இரவில் எப்போதும் எரிவது, 21 வாட் இழை பிரேக்குக்கு உரியது. இரவு விளக்கு எரிகிறது என்பதால் பிரேக் இழையும் நன்றாக இருப்பதாக எண்ண வேண்டாம். அந்த ஒன்று மட்டும் அறுந்திருக்கலாம். எல்.இ.டி. விளக்கு உள்ள வண்டியில் மாற்ற பல்பு இருக்காது. அங்கே ஃபியூஸையும் கப்ளரையும் பாருங்கள்.

2. பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். இதுதான் முக்கியமான படி. அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் இறுகி நின்றால் நல்லது. மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. நாலைந்து முறை மிதித்த பிறகுதான் இறுகுகிறது என்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் ஸ்விட்சைத் தொட வேண்டாம். பிரேக்கை முதலில் சரி செய்யுங்கள்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிப்பதால், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்கு ரப்பர் போய்க் கிழிந்துவிடுவதும் உண்டு. ஏர் எடுத்ததும் பெடல் முன்பைவிட மோசமானால் இதைச் சந்தேகிக்கலாம்.

3. ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பாருங்கள். சாவி ஆனில் இருக்கட்டும். பெடலைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் கீழ்நோக்கி இழுங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் நல்லது. கோளாறு அட்ஜஸ்ட்மென்டில்தான்.

4. எரியாவிட்டால் கப்ளரைப் பாருங்கள். ஸ்விட்சின் ஒயர் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளையும் சிறு ஒயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, மாற்றுங்கள். எரியாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. இணைக்கும் ஒயர்த் துண்டு வண்டியின் இரும்பில் படக் கூடாது. பட்டால் ஃபியூஸ் போய்விடும். பிரஷர் ஸ்விட்சுக்கும் இதே சோதனை பொருந்தும்.

உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் ஒயர் முனை பச்சை பூத்திருப்பது சாதாரணம். உரத்தூளும் ஈரமும் செம்பை அரிக்கும். சாவியை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து மாட்டுங்கள்.

5. பிறகு அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஸ்பிரிங் ஸ்விட்சின் உடம்பில் மரை இருக்கும். அதைத் தாங்கியிருக்கும் நட்டைத் திருப்பினால் ஸ்விட்ச் மேலேறும் அல்லது கீழிறங்கும். ஸ்விட்சை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். ஸ்விட்சையே திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். ஸ்விட்ச் மேலே போனால் விளக்கு சீக்கிரம் எரியும். கீழே வந்தால் தாமதமாக எரியும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும், அதுதான் சரியான அளவு.

பிரஷர் ஸ்விட்சில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை. பெடல் இறுக்கமாக இருந்தும் நாலாவது படியில் ஸ்விட்ச் கெட்டது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றுவது பிரேக் லைனையே திறப்பதாகும். புது வாஷர் போட்டு மீண்டும் ஏர் எடுக்க வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஒட்டன்சத்திரம் வாசகரின் வண்டியில் நடந்தது

வாசகருக்கு இந்த ஐந்து படிகளும் போனில் சொல்லப்பட்டன. மகன் சுவர்ப் பக்கம் நின்று பார்க்க, அப்பா ஒவ்வொன்றாகச் செய்தார். முன் லிவருக்கு விளக்கு எரிந்தது. பெடல் இறுகி நின்றது, இறங்கவில்லை. ஸ்பிரிங்கை விரலால் இழுத்ததும் விளக்கு எரிந்தது. ஆக பல்பும் நல்லது, பிரேக்கும் நல்லது, ஸ்விட்சும் நல்லது. புது ஸ்விட்சைப் பழையது இருந்த அதே தளர்வான உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அதனால் அதுவும் பழையதைப் போலவே எரியாமல் இருந்தது. நட்டை நாலு சுற்றுத் திருப்பியதும் விளக்கு சரியான நேரத்தில் எரிந்தது. வீசிவிட்ட பழைய ஸ்விட்சை எடுத்து மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் எரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டியில் விளக்கு பல மாதங்களாகவே தாமதமாகத்தான் எரிந்திருக்கிறது. பெடல் ஆழமாக இறங்கியதால் அது வெளியே தெரியவில்லை. பிரேக் கெட்டிருந்தது விளக்கின் கோளாறை மறைத்தது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். அதுதான் ஆபத்தானது. ஏர் முழுதாகப் போகவில்லை, பெடல் அமுங்குகிறது, விளக்கும் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் ஸ்விட்ச் நட்டைத் திருப்பி விளக்கை எரிய வைத்துவிடலாம். விளக்கு எரிவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடும். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கப் போவதாகச் சொல்லியாயிற்று, ஆனால் உங்கள் வண்டி நிற்காது. ஸ்விட்சைத் திருப்புவதற்கு முன் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

விளக்கு அணையவே இல்லை என்றால்

சிலருக்கு ஏர் எடுத்த பிறகு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரிதானே போகும் என்று விட்டுவிட வேண்டாம். எப்போதும் எரியும் விளக்கு, நீங்கள் உண்மையில் பிரேக் போடும்போது பின்னால் வருபவருக்கு எதையும் சொல்லாது.

ஸ்பிரிங் ஸ்விட்ச் வண்டியில், முதலில் பெடலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் பெடல் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று பொருள். சேறும் வைக்கோலும் பெடல் மூட்டில் அடைத்திருக்கும், கழுவி கிரீஸ் வையுங்கள். பெடல் சரியாகத் திரும்பியும் எரிந்தால் ஸ்விட்ச் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, சற்று இறக்குங்கள்.

அடுத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெடலை ஒருமுறை மிதித்து விட்டுவிட்டு மீண்டும் சுற்றுங்கள். சக்கரம் இறுகிப் போயிருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் டப்பாவில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியில் சிறு இடைவெளிகூட இல்லாமல் இறுக்கியிருந்தாலும் இப்படி ஆகும். பிரஷர் ஸ்விட்ச் வண்டியில் விளக்கு அணையாமல் இருப்பது பல நேரம் இதற்கான அறிகுறியே. இந்த நிலையில் ஓட்டினால் டிஸ்க் சூடேறி, ஆயிலும் சூடாகி, சக்கரம் மேலும் இறுகும். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு ஓட்டத்துக்குப் பிறகு டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பிரேக் அதிகம் போடாமலே சுர்ரென்றால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பிரேக் ஆயில் விஷயத்தில் கவனம்

டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் உப்பிப் பிரேக்கே போய்விடும்.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். திறந்து மாதக்கணக்கில் வைத்த பாட்டிலைப் பயன்படுத்த வேண்டாம். வண்டியில் உள்ள ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட் உரிந்துவிடும். டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ சிந்தினால் பிடிப்பு போய்விடும்.

வெளியே எடுத்த பழைய ஆயில் விஷம். குளிர்பானப் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடக் கூடும், கிண்ணத்தில் இருந்தால் ஆடு மாடு நக்கிவிடும். வாய்க்காலில் கொட்டவும் கூடாது. மூடி போட்டு, எழுதி ஒட்டி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் ஏர் எடுக்கும் வேலையை வீட்டில் செய்யாமல் இருப்பது நல்லது. ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சாதாரண முறையில் வெளியேறாமல் போகலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், அதற்குப் பிறகு வாங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: எங்கள் வண்டியில் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக்தான். பின் பிரேக்கை டைட் வைத்ததில் இருந்து விளக்கு எரியவில்லை. இதற்கும் ஏர் காரணமா?
– தஞ்சாவூர் மாவட்ட வாசகி

பதில்: டிரம் பிரேக்கில் ஆயிலும் இல்லை, ஏரும் இல்லை. ஆனால் கோளாறு ஒன்றுதான். பிரேக் ஷூ தேயத் தேய பெடல் ஆழமாக இறங்கும். பின் சக்கரத்துக் கம்பியின் நட்டை இறுக்கியதும் பெடல் போகும் தூரம் குறைந்துவிடும். தளர்வாக இருந்த ஸ்விட்சை அது எட்டாது. எனவே டிரம் பிரேக்கை டைட் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வரிசை இங்கேயும் அதேதான். முதலில் பெடலின் விளையாட்டு அளவை வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள், சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள், கடைசியில் ஸ்விட்ச் நட்டைத் திருப்புங்கள்.

ஸ்கூட்டராக இருந்தால் பின் பிரேக் இடது கை லிவரில் இருக்கும். ஸ்விட்சும் அந்த லிவரின் அடியிலேயே இருக்கும். அதில் பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. தூசியும் ஈரமும் போய் அழுத்துமுனை ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று. ஒட்டன்சத்திரம் வாசகர் வேலை முடிந்து மூட்டையைக் கட்டிய பிறகு, மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, மூட்டை லைட்டை மறைக்குது" என்றானாம். மூட்டையை ஒரு சாண் உயர்த்திக் கட்டினார்கள். புல்லுக்கட்டு, பால் கேன், காய் மூட்டை எதுவானாலும் சுமையை ஏற்றிய பிறகு ஒருமுறை வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒருவரை நிற்கச் சொல்லி, பெடலை மிதித்துக் காட்டுங்கள். வீட்டில் யாரும் விழிக்காத நேரமானால் வெள்ளைச் சுவர் போதும். சிவப்பு வெளிச்சம் தெரிந்த பிறகு கிளம்புங்கள்.